ஏறி வந்த வேனுக்கு வழிவிடாதவன்

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். போட்டியில் ஜெயித்தவருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ஏறுவதுண்டு, அடுத்த மோதலுக்கும் உடம்பு தயாராக நிற்கும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துபவன்.

போன வருஷம் ஆசிரியர்களுக்கான வாலிபால் போட்டியில் ஜெயித்து, கோப்பையோடு காரில் ஆலங்காயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். குறுகலான வளைவில், சாமை மூட்டை ஏற்றிய வேன் எதிரே வந்தது. மலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். எனக்குத் தெரியும். ஆனாலும் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றேன்.

வேன்காரர் அகலமான இடம் வரை பள்ளத்தை ஒட்டியே பின்னால் போனார். பின்சக்கரம் பட்டுக் கற்கள் கீழே உருண்டன. அதைப் பார்த்த பிறகுதான் ஹாரனிலிருந்து கையை எடுத்தேன்.

கடக்கும்போது அவர் கோப்பையைக் கவனித்தார். "ஜெயிச்சிட்டு வர்றீங்களா சார்? சூடு இன்னும் எறங்கல போல. பாத்து போங்க" என்றார்.

மறுநாள் வகுப்பில் இதையே உதாரணமாகச் சொன்னேன். வண்டியைப் பின்னால் எடுத்தவன் நான் என்று மாற்றிச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வகுப்பில் அதைச் சொன்ன அன்றைக்கு நான் எந்தப் போட்டியிலும் ஜெயித்திருக்கவில்லை. அந்தப் பொய்க்கு எந்த ஹார்மோனைக் காரணம் சொல்வது?