காப்புக் கயிறும் ஒற்றைக் கம்பியும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை காலை. மதுரை விளாங்குடியில் ஒரு ஷட்டில் கோர்ட்டில் நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ராக்கெட் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை இல்லை. அதற்குத் தனியாக ஒரு கோச் உண்டு. விளையாடும் பிள்ளைகளின் காலுக்கும் இடுப்புக்கும் தோளுக்கும் பலம் ஏற்றுவதுதான் என் வேலை. கோர்ட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதில் ஒரு இரும்புச் சட்டம், எடை மாட்டித் தூக்கும் ஒரு பார், கொஞ்சம் எடைத் தட்டுகள், ஒரு டேபிள் ஃபேன். அதுதான் என் ராஜ்யம்.

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள். கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். உடற்கல்வி படித்துவிட்டு, பலப் பயிற்சிக்கென்று ஆறு மாதம் தனியாகப் படித்துச் சான்றிதழும் வாங்கியிருந்தேன். ஊரில் அம்மா எல்லோரிடமும் "எம் மகன் கோச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வேலை போய்விடக் கூடாது என்ற பயம் தினமும் என்னோடுதான் பஸ் ஏறி வரும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஷட்டில் ஆட வருகிற பிள்ளைகள் எதற்கு இரும்பைத் தூக்க வேண்டும் என்று பெற்றோருக்குப் புரியவில்லை. "பொம்பளப் பிள்ளைக்குத் தோளு அகண்டு போயிராதா சார்?" என்று கேட்பார்கள். கோர்ட்டின் முதலாளி அண்ணன் அறைக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கிண்டல்தான். "என்ன மாப்ள, பிள்ளைகள ஸ்மாஷ் அடிக்க அனுப்புறியா, மார்க்கெட்டுல மூட்டை தூக்க அனுப்புறியா?"

அவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்ல நான் நம்பியிருந்தது ஒரே ஒரு பெண்ணை. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். திண்டுக்கல் ரோட்டில் கொஞ்சம் தள்ளி ஒரு கிராமம். அவள் அம்மா தினமும் முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிவந்து, பயிற்சி முடியும்வரை வெளி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்குவார். அந்தப் பெண்ணுக்குக் கை அற்புதம். ஆனால் மூன்றாவது கேம் வந்தால் கால் செத்துவிடும். வலைக்கு முன்னால் எட்டு வைத்து ஷட்டிலை எடுத்தால் திரும்பி வர முடியாது. நான் ஆறு மாதம் அவளுக்கு ஸ்குவாட் கொடுத்தேன், அதாவது பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது. வெறும் பாரில் தொடங்கி முப்பது கிலோ வரை வந்திருந்தாள். மூன்றாவது கேமிலும் கால் ஓடத் தொடங்கியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்கான செலெக்‌ஷன். அதற்குமுன் அவள் முப்பத்தைந்து தூக்கிவிட்டதாக என் நோட்டில் எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. செலெக்‌ஷனுக்கு நாலு நாள் முன்னால் எடை கூட்டவே கூடாது. அது நான் படித்த பாடத்திலேயே இருந்தது.

அன்று காலை அவள் வலது மணிக்கட்டில் காப்புக் கயிறு கட்டியிருந்தாள். மஞ்சள் தோய்த்த நூல். அவர்கள் ஊர் அம்மன் கோயிலில் முளைப்பாரிக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான். என் அக்காவும் நவதானியத்தை முளைக்கவைத்து முளைப்பாரி எடுத்திருக்கிறாள். காப்புக் கட்டினால் விரதம், ஒரு வேளைதான் சோறு என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்ல உரசும். மேல ரிஸ்ட் பேண்டைப் போட்டு மூடிக்க." அவ்வளவுதான்.

சட்டத்தின் இரண்டு பக்கமும் பாதுகாப்புக் கம்பிகள் உண்டு. தூக்குகிறவர் தடுமாறினால் பார் அந்தக் கம்பிகள்மேல் விழுந்து நின்றுவிடும். ஆளின் உயரத்துக்குத் தக்கபடி அவற்றை மாற்ற வேண்டும். முந்தின நாள் பயிற்சி செய்தது அவளைவிடக் குள்ளமான பிள்ளை, அதனால் இரண்டும் தாழ்வாக இருந்தன. வலது கம்பியை உருவிவிட்டேன். இடது கம்பி துருப்பிடித்து இறுகிப்போய் அசையவே இல்லை. நேரமாகிக்கொண்டிருந்தது. உருவிய கம்பியைச் சுவரில் சாத்திவிட்டு, "நான் பின்னாடி நிக்கேன்ல, நீ எடு" என்றேன்.

முப்பத்தைந்து கிலோவில் இரண்டு சுற்று நன்றாகவே செய்தாள். மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. தகரக் கூரைச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது சுற்றில் நாலாவது முறை உட்கார்ந்தபோது, ஃபேன் காற்றில் என் நோட்டுத் தாள் படபடத்தது. அதை அமுக்கக் கை நீட்டினேன்.

திரும்புவதற்குள் அவள் துணி மாதிரி மடிந்து இடது பக்கமாகச் சரிந்துவிட்டாள். பாரின் வலது முனை தரையில் இடித்த சத்தம் கோர்ட் முழுக்கக் கேட்டது. இடது முனை அந்தத் துருப்பிடித்த கம்பியில் விழுந்து நின்றது. பாருக்கும் தரைக்கும் நடுவில் கிடைத்த சாய்ந்த இடைவெளியில் அவள் தலை இருந்தது. கழுத்துக்கும் பாருக்கும் ஒரு சாண் இருக்கும்.

எப்படிப் பாரைத் தூக்கி எறிந்தேன் என்று தெரியவில்லை. அவள் அம்மா ஓடிவந்து "ஆத்தா!" என்று மகளை அள்ளப் பார்த்தார். "தூக்காதீங்கம்மா, கழுத்தை அசைக்கக் கூடாது" என்று கத்தினேன். அன்று முழுக்க நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். முதலாளி அண்ணன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். நான் மண்டியிட்டு அவள் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

கண் திறந்தாள். "கால் தடுக்கிருச்சு சார்" என்றாள். அப்புறம் மெதுவாக, "கையி ரெண்டும் மதமதன்னு இருக்கு சார்."

அந்த வார்த்தையில் எனக்கு உயிரே போய்விட்டது. கழுத்தெலும்பில் அடிபட்டால் கை மரத்துப்போகும் என்று படித்திருக்கிறேன். அவள் தலை துளிகூட அசைந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்தேன். வெளியே ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நிமிர்ந்தேன். மினி பஸ். தண்ணி லாரி. மறுபடி ஒரு மினி பஸ். இந்தக் கை இனி ராக்கெட் பிடிக்குமா, சோற்றுத் தட்டைப் பிடிக்குமா என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி: "கடைசியா எப்ப சாப்ட்ட?"

அவள் கூரையைப் பார்த்தாள். அவள் அம்மாதான் சொன்னார். "நேத்து மத்தியானம் சோறு. ராத்திரி ஒரு டம்ளர் பால். முளைப்பாரி விரதம்மா. செலெக்‌ஷன்ல ஜெயிக்கணும்னு அவளா நேந்துக்கிட்டா."

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். டிராக்சூட், கழுத்தில் விசில். பார்த்தாலே தெரியுமே நான் யாரென்று.

ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனார்கள். வராந்தாவில் அந்த அம்மாவும் நானும் மட்டும். அவர் தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தார். "ஆத்தாளுக்கு என்ன கொறை வச்சேன்னு தெரியலையே. முளைக்குத் தண்ணி சரியா ஊத்தலையோ." அப்போது முதலாளி அண்ணன் போனில் அழைத்தார். ஓரமாகப் போய் எடுத்தேன். "மாப்ள, பிள்ளையே கால் தடுக்கிருச்சுன்னுதான சொல்லுது? அதையே நீயும் சொல்லு. கம்பி கிம்பின்னு வாயத் தொறந்துராத. கோர்ட்டு பேரும் போயிரும், உன் பொழப்பும் போயிரும்."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் திரும்பி வந்தேன். பொய் சொல்லக்கூடத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். ஆனால் அந்த அம்மா கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். என் தப்புக்கு அவர் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சொன்னேன். கம்பியை உருவியது, அவசரமாக எடை கூட்டியது, நோட்டைப் பார்த்துத் திரும்பியது எல்லாம். அழுகையோடுதான் சொல்லி முடித்தேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "காப்பு அவ கையிலதான சார் கெடந்துச்சு. நீங்களும் எங்கள மாதிரி காட்டுவேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைன்னு சொன்னா. பாத்து ஒரு வார்த்தை கேக்கலையா? நீங்க கேட்டிருப்பீகன்னுதான் நான் சும்மா இருந்தேன்" என்றார். கத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஒரு மணி வாக்கில் முடிவு வந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. சாப்பிடாததில் மயக்கம், பதற்றத்தில் மூச்சு வாங்கியதில் கை மரத்திருக்கிறது. தோளில் மட்டும் தசை பிசகியிருக்கிறது, மூன்று வாரம் விளையாடக் கூடாது. உள்ளே போனபோது அவள் விரல்களை மடக்கி மடக்கி விரித்துக் காட்டினாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா ஒரு பன்னும் டீயும் வாங்கிவந்து பக்கத்தில் வைத்தார். சார் என்ற சொல் அப்போது அவர் வாயில் இல்லை.

"தம்பி, நீ காலையிலிருந்து ஏதாவது சாப்ட்டியாப்பா?"

எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அது. என் அம்மா தபால்காரரிடம்கூடக் கேட்கும். படித்த பிறகு அது படிக்காதவர்கள் கேட்கும் கேள்வி என்று எனக்குத் தோன்றிவிட்டது. நாடித்துடிப்பு, எடை, எண்ணிக்கை இவற்றைக் கேட்டால்தான் கோச் என்று நினைத்திருந்தேன்.

முதலாளி அண்ணன் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை, ஆனால் வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. அந்தப் பெண் அந்த ஆண்டு செலெக்‌ஷனுக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு போனாள், அரையிறுதியில் தோற்றாள், மூன்றாவது கேம் வரை கால் நின்றது. கம்பி இரண்டுக்கும் வாரம் ஒருமுறை எண்ணெய் போடுகிறேன்.

இப்போது அறைக்குள் வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலில் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்கிறேன். சில பேர் பொய் சொல்வார்கள் என்று தெரியும், அதனால் பதிலை மட்டும் கேட்காமல் மேலுதட்டையும் மணிக்கட்டையும் பார்க்கிறேன். அந்த ஒரு சாண் இடைவெளி ஒவ்வொரு காலையும் என் கண்முன் வந்து நின்ற பிறகுதான் என் கை பாரைத் தொடுகிறது.