ஏசியை அணைக்காமல் ஏறிய மேம்பாலம்

எங்கள் காரில் மேம்பாலம் ஏறுவதற்கு ஒரு சடங்கு உண்டு. பாலம் கண்ணில் பட்டதும் வீட்டுக்காரரின் கை தானாக ஏசி சுவிட்சுக்குப் போகும். இன்ஜினுக்குப் பாரம் குறையட்டும் என்று அணைப்பார், ஏறுவார், இறங்கியதும் மறுபடி போடுவார். நான் ஓட்டினாலும் பக்கத்து சீட்டிலிருந்து அந்தக் கை நீளும். மே மாதத்து மதியத்தில் தாம்பரம் ரயில்வே மேம்பாலத்தில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே நின்று நின்று ஏறி முடிப்பதற்குள், முகத்தில் போட்ட பவுடர் கழுத்துக்கு வந்துவிடும்.

வண்டி சின்னது. மூன்று சிலிண்டர், டர்போ. காலையில் மாடம்பாக்கத்திலிருந்து குரோம்பேட்டைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது சிட்டாகப் பறக்கும். மதியம் திரும்பும்போது எவ்வளவு மிதித்தாலும் யோசித்து யோசித்துத்தான் நகரும். போன கோடையில் அவர் பொறுமை தீர்ந்துவிட்டது. இதை விற்றுவிட்டு இன்ஜின் பெரியதாக ஒன்று வாங்கலாம் என்றார். அவர் ஆபீஸில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறாராம், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்து பார்ப்பாராம்.

எனக்குப் பகீரென்றது. நாற்பத்து மூன்று வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, என் சம்பளத்தில், நானே போய் நிறம் பார்த்து எடுத்த வண்டி அது. அது வந்த பிறகுதான் எங்கே போவதற்கும் யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பினேன். பெரிய வண்டி வந்தால் அது அவர் வண்டியாகிவிடும். நான் மறுபடி பக்கத்து சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அதை நினைத்தாலே அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

கேம்ப் ரோட்டில் இருந்த மெக்கானிக்கிடம் கேட்டேன். "இந்த வண்டி இப்டித்தான் மேடம். மூணு சிலிண்டர வச்சுகினு இன்னா பண்ண முடியும்?" என்று சொல்லிவிட்டு வேறு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார்.

பதினோராம் வகுப்புக்கு இருபது வருஷமாக வாயு விதிகளை நடத்துகிறவளிடம் சொல்லுகிற பதிலா அது? காற்று சூடானால் அடர்த்தி குறையும். டர்போ எவ்வளவு மூச்சைப் பிடித்துத் தள்ளினாலும், உள்ளே போவது மெலிந்த காற்றுதான். ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகினால் இன்ஜினின் கணக்குகளை போனில் காட்டும் ஒரு சின்னக் கருவியை வாங்கினேன். வெளியே முப்பத்தெட்டு டிகிரி இருந்த மதியத்தில், இன்ஜின் இழுத்த காற்று அறுபத்து நாலு டிகிரி. பானெட்டைத் திறந்து பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருந்தது. காற்றை இழுக்கும் குழாயின் வாய், ரேடியேட்டருக்குப் பின்னால் அனல் வீசுகிற இடத்தில் இருந்தது. அடுப்புக்கு மேல் மூக்கை நீட்டிக்கொண்டு ஓடச் சொன்னால் யார்தான் ஓடுவார்கள்?

ஹார்டுவேர் கடையில், சமையலறைச் சிம்னிக்கு மாட்டுகிற மடங்கும் அலுமினியக் குழாய் கேட்டேன். சிம்னி என்ன கம்பெனி என்று கடைக்காரர் விசாரித்தார். காருக்கு என்றேன். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குழாயை எடுத்துக் கொடுத்தார். குழாயின் ஒரு முனையை ஃபில்டர் பெட்டியில் கிளிப் போட்டு இறுக்கி, மறு முனையைக் கீழே இறக்கி, விலை கூடின மாடலில் பனி விளக்கு இருக்கும் பம்பர் ஓட்டைக்குக் கொண்டுவந்தேன். அனல் படாத வெளிக்காற்று, பானெட்டுக்குள் இருப்பதைவிட நல்ல குளிர்ச்சி. அடுத்த நாளே அறுபத்து நாலு நாற்பத்து மூன்றாகிவிட்டது. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் போனைக் காட்டினேன்.

புதன்கிழமை சாயங்காலம் கோடை மழை கொட்டியது. ராஜகீழ்ப்பாக்கத்தில் கணுக்கால் தண்ணீர். பக்கத்தில் போன ஷேர் ஆட்டோ அலை ஒன்றை பம்பர் மேல் அடித்தது. வண்டி இரண்டு தடவை இருமியது. சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தேன். இன்ஜின் பிழைத்தது அதனால்தான். ஃபில்டர் டீயில் தோய்த்த பன் மாதிரி ஊறிப்போயிருந்தது.

எனக்கு என் மேலேயே ஆத்திரம். புயல் அறிவிப்பு வந்ததும் வெள்ளத்துக்குப் பயந்து காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிற ஊர் இது. நானே நிறுத்தியிருக்கிறேன். இந்த ஊரில் இருந்துகொண்டு வண்டியின் மூக்கைத் தரையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

போன் செய்ததும் பைக்கில் வந்த வீட்டுக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். "விடுமா. ஞாயித்துக்கெழம அவர் வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்று மெதுவாகச் சொன்னார்.

சனிக்கிழமை லீவு. பம்பர் ஓட்டையை அடைத்தேன். புது ஃபில்டர் போட்டேன். குழாயின் வாயை ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில், முன் கிரில்லின் மேல்விளிம்புக்குப் பின்னால் உயரத்தில் கட்டினேன். அங்கே தண்ணீர் எட்டாது. ஆனால் இன்ஜினின் அனல் எட்டும், நடுவில் ஒரு சுவர் வேண்டும். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் சமையலறை மேல்தட்டில், வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேக் வேகும் பெரிய அலுமினியத் தட்டு கண்ணில் பட்டது. இரண்டு நிமிஷம் தயங்கினேன், பிறகு தகரக் கத்திரியை எடுத்தேன். ஓரங்களை மடித்துத் தட்டி, குழாய் நுழைய ஒரு வட்டம் வெட்டி, பானெட் வந்து அழுந்தும் விளிம்பில் கதவிடுக்குக்கு ஒட்டும் நுரைப் பட்டையை ஒட்டினேன். விரலில் இரண்டு இடத்தில் ரத்தம். காபி கொண்டுவந்தவர் குனிந்து பார்த்து, அது கேக் தட்டா என்று கேட்டார். நேற்று வரைக்கும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சாவியை அவர் கையில் கொடுத்தேன். நீங்களே ஓட்டிப் பாருங்கள், அப்புறம் விற்பதைப் பேசலாம் என்றேன். உச்சி வெயில். தாம்பரம் கடைவீதிக்குப் போகிற கூட்டம் மொத்தமும் பாலத்தில் நின்றது. வழக்கம்போல அவர் கை ஏசி பக்கம் போனது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம். மிதிங்க."

பாதி ஏற்றத்தில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றோம். போனில் நாற்பத்து நாலு டிகிரி. அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். பஸ் நகர்ந்தது. அவர் மிதித்தார். வண்டி யோசிக்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஓடுவது போல, ஏசி முகத்தில் வீச வீச, மேலே போய்விட்டது. நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். வெட்கமே படவில்லை.

அவர் பாலத்தை விட்டு இறக்கி, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓரமாக நிறுத்தி, ஆபீஸ்காரரைப் போனில் கூப்பிட்டார். "சாரி சார், நீங்க வர வேணாம். அது என் ஒய்ஃபோட வண்டி. அவங்க குடுக்க மாட்டாங்க."

பிறகு இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார். இடம் மாறி உட்கார்ந்தோம். திரும்பி வரும்போது அதே பாலத்தில் அவர் கை மறுபடி ஏசி பக்கம் நீண்டது. நான் முறைத்தேன். அவர் ஏசியை இன்னும் ஒரு புள்ளி கூட்டி வைத்தார்.