பாலைவன ஒழுங்கையில் ஒரு ‘வாறன்’

வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் எடுத்த நாளிலிருந்து மகள் எங்களைப் பிள்ளைகளைப் போல நடத்தத் தொடங்கிவிட்டாள். எதைச் சாப்பிடலாம், எவ்வளவு நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் சொற்படிதான். போன வருடம் ஒரு நாள் சோபாவில் குந்தியிருந்து, “நீங்க ரெண்டு பேரும் எந்த லீவுக்கும் கலியாண வீடு, சாமத்திய வீடு. திஸ் இயர் நாங்க டெசேட்டுக்குப் போறம்” என்றாள். டிக்கெட் போட்ட பிறகுதான் சொல்கிறாள் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

எனக்கு முழங்கால் நோவு. இவருக்கு, அதாவது என் கணவருக்கு, இருபது வருடமாகப் பேருந்து ஓட்டி ஓட்டி இடுப்பு ஓட்டுநர் கதிரையின் வடிவத்துக்கே வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் எங்களைக் கனடாவில் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ரூஜ் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போய் ஏற்றி இறக்கிப் பழக்கினாள். நான் ஏசிக்கொண்டே நடந்தேன். இவர் அவள் சொன்னபடியெல்லாம் நடந்தார். மகள் கேட்டால் மலையையும் புரட்டுவார்; நான் கேட்டால் குப்பை வாளியை வெளியே வைப்பதற்கே இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

லாஸ் வேகஸில் இறங்கி, வாடகை வான் எடுத்து, யூட்டாவுக்குப் போனோம். சிவப்புக் கல்லும் வானமும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். வறண்ட ஆற்று மணலில் நடந்து போனால் இரு பக்கமும் பாறை வெடித்து, சின்னச் சின்னப் பள்ளத்தாக்குகள் உள்ளே போகும். மகள் அவற்றைச் ‘சைட் கன்யன்’ என்றாள். இவர் முதலாவதுக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “அட, இது எங்கடை ஒழுங்கையெல்லே” என்றார். ஊரில் இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய பாதையைத்தான் அப்படிச் சொல்வோம்; அதன்பின் எங்கள் மூவருக்கும் அது ஒழுங்கைதான். இரண்டு கைகளையும் விரித்தால் இரு பக்கச் சுவரும் தொடும். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா அகலத்துக்கே தெரியும். கோயிலுக்குள் போனதும் குரல் தானாக இறங்குமே, அப்படித்தான் இருந்தது.

ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளும் நுழையுமுன் மகள் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவாள். “மழை இங்க பெய்யாட்டியும், தூரத்தில பெஞ்சா தண்ணி இதுக்குள்ளாலதான் வரும். வானம் கறுத்தா உடனே வெளியால வரோணும். ஆருக்காகவும் நிக்கக் கூடாது.”

கடைசி நாள் எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது. “நீர் இதிலை இரும்” என்று இவர் என்னை வாசலோரம் உயரமான ஒரு பாறையில் இருத்தினார். இருவரும் உள்ளே போனார்கள். நான் சப்பாத்தைக் கழற்றி, மிக்சர் பையைப் பிரித்து, நிம்மதியாக இருந்தேன்.

வெகு நேரம் கழித்து இவர் தனியே வந்தார். அதுவும் போன வழியால் அல்ல. பக்கத்திலிருந்த இன்னொரு வெடிப்பால் வந்தார். உள்ளே பாதை இரண்டாகப் பிரிகிறதாம். திரும்பும்போது மற்றதுக்குள் இறங்கிவிட்டாராம். தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஆறுதலாகக் குடித்தார்.

“பிள்ளை எங்கை?”

“உள்ளுக்கை நிக்கிறாள். பெரிய கல்லொண்டு கிடக்கு. அவள் ஏறி அங்காலை போயிட்டாள், எனக்கு ஏலாது. நான் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்.”

அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அவசரமாக வெளியே வந்தார்கள். அந்தப் பெண்மணி வடக்கே கையைக் காட்டினார். தூரத்து மலைக்கு மேலே வானம் கருநீலமாகக் கிடந்தது. உள்ளே ஓர் இளம் பெண் நிற்கிறாள், கூப்பிட்டும் வருகிறாள் இல்லை, அப்பா வருகிறேன் என்று சொன்னவராம், அவரை விட்டுவிட்டு வரமாட்டாளாம் என்றார்.

இவர் பக்கம் திரும்பினேன். “என்னப்பா சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?”

“வாறன் எண்டு.”

வேறென்ன சொல்வார்? எங்கள் ஆட்கள் ஓரிடத்தை விட்டு வெளிக்கிடும்போது ‘போறன்’ என்று சொல்வதில்லை. அது திரும்பி வராதவர்களின் சொல். ‘வாறன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். மகளுக்கும் அது தெரியும். வாசலில் அதைக் கேட்டே வளர்ந்தவள். ஆனால் வாசலில் ஆளைக் காணலாம். சப்பாத்துப் போடுவதும் கார்த் திறப்பை எடுப்பதும் தெரியும். கல்லுக்கு அங்கால் நின்றவளுக்குக் கேட்டது குரல் மட்டும்தான். தகப்பன் தனக்குப் பின்னால் வருகிறார் என்று நினைத்து நின்றுவிட்டாள்.

இவர் போத்தலைப் போட்டுவிட்டு ஓடினார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவர் ஓடி நான் கண்டதில்லை. நானும் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனேன். முழங்கால் நோகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. என் பிள்ளையை இந்தக் கல்லுக்குள் பறிகொடுக்கப் போகிறேன் என்ற ஒரே நினைவுதான். தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். அவளைக் கூப்பிட்டால் என் குரலே நாலு பக்கத்தாலும் திரும்பி வந்தது.

பாதை பிரியும் இடத்தில் நின்றாள். கல்லிலிருந்து இறங்கி வந்து, வழியில் அவரைக் காணாமல், மற்ற ஒழுங்கைக்குள் பார்த்து “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டபடி நின்றாள். குரல் கட்டிப்போயிருந்தது. காலடியில், காய்ந்து கிடந்த மணலின் மேல், தேத்தண்ணி நிறத்தில் ஒரு விரல் தண்ணீர் ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடிதான் நின்றிருக்கிறாள்.

இவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் வெளியே வந்து பாறையில் ஏறி மூச்சு வாங்குமுன் உள்ளேயிருந்து லொறி வருவது போன்ற இரைச்சல் கேட்டது. பிறகு சேறும் தடியுமாகத் தண்ணீர், சுவருக்குச் சுவர் நிறைந்து, அந்த வாசலால் வெளியே கொட்டியது. மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் மகளின் சட்டையைப் பிடித்த கையை விடவேயில்லை.

வானுக்குள் ஏறிய பிறகுதான் அவளுக்கு அழுகையும் கோபமும் வந்தது. “ஏன் ‘போறன்’ எண்டு சொல்லேல்ல? இட்ஸ் வன் வேர்ட், அப்பா!”

“அந்தச் சொல் என்ரை வாயிலை வராது, பிள்ளை.”

“தண்ணி வருது எண்டு தெரியும். நான் எப்பிடி விட்டிட்டு வாறது? நீங்க வாறன் எண்டு சொன்னீங்க.”

இவர் வானை ஸ்டார்ட் பண்ணவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தார். “உன்ரை பெரியப்பாவும் அப்பிடித்தான் சொன்னவர்” என்றார்.

அவருடைய அண்ணாவின் படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. அதற்கு மாலை போட இவர் இன்றுவரை விடவில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் காணாமல் போனவர் என்ற அளவில்தான் மகளுக்குத் தெரியும். எனக்கும் அதற்கு மேல் அதிகம் தெரியாது. கேட்டால் எழும்பிப் போய்விடுவார். அன்று அவராகவே சொன்னார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், வேலிக் கதவான படலையடியில் நின்று, “தம்பி, வாறன்” என்று சொல்லிவிட்டு மண்ணெண்ணெய் வாங்கப் போனவராம். தாயும் தகப்பனும் ஏற்கெனவே இல்லை. வீட்டில் இவர் மட்டும்தான்.

மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். “நீங்க வெயிட் பண்ணினீங்களோ, அப்பா?”

“ஓம். கன காலம். பிறகு கனடாவுக்கு வர ஏஜென்சிக்காரன் ஒரு நாளைக் குறிச்சுப்போட்டான்.”

“அப்ப என்ன செய்தீங்க?”

இவர் முகத்தைத் துடைத்தார். “வெளிக்கிட்டிட்டன்” என்றார். “படலையைச் சாத்தினனான். பூட்டேல்லை.”