சுண்ணாம்புக்கு ஒரு குறுக்கு வழி

போன மாதம் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சுவரில் எழுதியதை அழிக்கும் வேலை! மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறென்ன கிடைக்கும்? அதற்கு முன் இரண்டு நாள் வெறும் தேத்தண்ணிதான்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், ரோட்டைப் பார்த்த சுவரில் யாரோ கரியால் 'துரை ஒழிக' என்று எழுதிவிட்டார்கள். தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்குதான் வாசித்துக் காட்டினாராம் — தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு... பாவம்!

உடனே சுண்ணாம்பு வந்தது. அடித்து முடித்தேன். பக்கத்து ஒற்றையறைக் காம்பராவின் மூக்காயி அக்கா வந்து நின்றார்.

"தம்பி, நம்ம சுவத்துலயும் ரெண்டு இழுப்பு இழுத்துருங்க."

"எழுத்து இருக்கிற சுவத்துக்கு மட்டுந்தான்னு கண்டாக்கையா சொல்லிட்டாருக்கா."

"அஞ்சு வருஷமாக் கேக்குறேன். ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராங்க. போன தடவ வந்தவங்க இந்தச் சுவத்தப் பாத்துட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்கல."

அடுப்பு வாசலிலேயே எரிகிறது. சுவர் கறுக்காமல் என்ன செய்யும்?

அக்கா ஒரு கரித்துண்டை நீட்டினார். "எழுத்துதான வேணும்? எழுதுங்க!"

மாட்டினால் எனக்கு வேலை போகும். அவருக்குக் காம்பராவே போகும். இருந்தாலும் எழுதினேன். கரிச்சுவரில் கரி தெரியவில்லை. புத்திசாலி நான் என்ன செய்தேன்? வாளியில் விரலை முக்கி, வெள்ளையில் எழுதினேன்: துரை ஒழிக!

கண்டாக்கு வந்தார். எழுத்தைத் தொட்டார். ஈரம்.

"ஏன்டா, இந்தத் தோட்டத்துல சுண்ணாம்பு வாளி எத்தன இருக்கு?"

"ஒன்னுதாங்கய்யா."

"அது யாரு கையில இருக்கு?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வாளியைப் பார்த்தேன்.

கண்டாக்கு சுவரையும், உள்ளே நின்ற அக்காவின் மகளையும் பார்த்தார். "சரி, முழுசா அடி. முடிச்சுட்டு என் குவாட்டர்ஸ் பக்கம் வா. அங்கயும் நாலு வருஷமாச் சுண்ணாம்பு படல."

"அங்க என்னங்கய்யா எழுதுறது?"

"என்னையத் திட்டி எழுது. துரையத் திட்டுனா என் வேல போயிரும்!"

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் இரண்டாவது தேத்தண்ணியும் கேட்டு வாங்கிக் குடித்தார்களாம்.

நானோ... கண்டாக்கு வீட்டுச் சுவரில் எழுதியதுபோல் அவ்வளவு அழகாக, அவ்வளவு மனசார, பள்ளிக்கூடத்தில்கூட எழுதியதில்லை!