பியானோ திருப்பிச் சொன்ன குரல்

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். நான் அசடு வழிந்த இடத்தையும் சேர்த்துத்தான்.

முதலில் ஞாபகம் வருவது வாசனை. சர்ச் ஹாலில் பூட்டியே கிடந்த பியானோவின் மூடியைத் திறந்ததும், அந்துருண்டையும் பழைய கம்பளியும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள்... இப்போது ப்ளஸ் டூ படிக்கிறேன். யார் வீட்டு பீரோவில் அந்துருண்டை மணந்தாலும் எனக்கு எட்டாம் வகுப்பு திரும்பிவிடும்.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரு பழைய கீபோர்டு. கிழக்குத் தாம்பரத்தில் சின்ன ஃபிளாட். கீபோர்டுக்கு இடம் சாப்பாட்டு மேஜைதான். இட்லித் தட்டு வருவதற்குள் ஸ்கேல்ஸ் முடித்துவிட வேண்டும்.

அம்மாவுக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. ஆனால் கிச்சனிலிருந்து, "அந்த எடம் மறுபடியும் தடுக்குது பாரு" என்பார். சரியாகத்தான் இருக்கும்!

ஸ்கூல் வேனில் ஜன்னல் கம்பியின் மேல் இடது கைக்கு ப்ராக்டிஸ். சாயங்காலம் சொந்தமாக டியூன் போடுவேன். ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானம் மேலே ரீங்கரித்துக்கொண்டே போகும். அதோடு ஒத்துப்போகிற ஸ்வரத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் தேடுவேன்... அப்படிக் கிடைத்ததுதான் அந்தப் பாட்டு. அதற்கு வரிகள் எழுதியது மெர்லின்.

மெர்லின் என் ஃப்ரெண்ட். ஊரப்பாக்கத்திலிருந்து ட்ரெயினில் எங்கள் சர்ச்சுக்கு வருவாள். கொயரில் பாட்டு மேலே ஏறும் இடத்தில் அவள் குரல் மட்டும் உடைந்துவிடும். கொயர் மாஸ்டர் எட்வின் சார் அன்பானவர்தான். ஆனாலும் ஒவ்வொரு ப்ராக்டிஸிலும், "மெர்லின், மைக்கை விட்டு கொஞ்சம் பின்னாடி போம்மா" என்பார். போய்ப் போய், அவள் கர்ட்டனை ஒட்டி நிற்கப் பழகியிருந்தாள்.

சண்டே ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு எங்கள் பாட்டைக் கொடுத்தோம். சனிக்கிழமை கேட்டுவிட்டுச் சொல்வதாக சார் சொன்னார். "மெர்லினுக்குக் கஷ்டமா இருந்தா ஏஞ்சல் பாடட்டும்." ஏஞ்சல் கொயரில் எந்த உயரத்திலும் பாடிவிடுகிறவள்.

அன்று ஸ்டேஷனில், வாங்கின சமோசாவைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு மெர்லின் சொன்னாள்:

"இதுவும் ஏஞ்சலுக்குப் போச்சுன்னா நான் பாடுறதையே விட்டுடுவேன்டி. சும்மா சொல்லல."

நான் வாசித்து ரெக்கார்ட் செய்து அனுப்பியதை வைத்து தினமும் பாடிப் பார்த்தாள். தினமும் அதே இடத்தில் உடைந்தது.

சனிக்கிழமை சர்ச் ஹாலில், "விழாவுக்கு பியானோதான். அதுலயே வாசி" என்று சார் பூட்டைத் திறந்தார். நான் அதுவரை தொட்டதே இல்லாத பியானோ.

சார் நாற்காலி எடுக்கப் போனார். நான் சும்மா பெடலை மிதித்துப் பார்த்தேன். மெர்லின் மேல் மூடி வழியாக எட்டிப் பார்த்து, "யம்மா... எவ்ளோ கம்பி!" என்றாள்.

அவள் நிறுத்திய பிறகும் அவள் குரல் நிற்கவில்லை.

உள்ளிருந்து, தூரத்தில் யாரோ சொல்வது மாதிரி, பியானோ அதைத் திருப்பிச் சொன்னது.

"ஏய், நீயா?"

"நான் கட்டையைத் தொடவே இல்லடி!"

அவள் "ஆ..." என்று இழுத்தாள். பியானோவும் "ஆ..." என்றது. அவள் குரலிலேயே. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெடலை மிதித்தால் கம்பிகள் விடுபடும், குரலுக்குப் பொருந்தும் கம்பிகள் தானாக அதிரும் என்று பிறகு படித்தேன். படித்த பிறகும் அந்த ஆச்சரியம் கொஞ்சமும் குறையவில்லை.

சார் வந்தார். வாசிக்க ஆரம்பித்தேன். சத்தம் தரை வழியாக என் பாதத்துக்கு வந்தது. ஆனால் பாட்டு... என் பாட்டு மாதிரியே இல்லை. எங்கேயோ கீழே, இருட்டாக.

"சார், பியானோ ரொம்ப எறங்கிப் போயிருக்கு."

சார் ஸ்வரம் சரிபார்க்கும் ட்யூனிங் ஃபோர்க்கை முழங்காலில் தட்டி, மரத்தில் வைத்தார். அதே ஸ்வரத்தின் கட்டையையும் அழுத்தினார். இரண்டும் ஒன்றாக ஒலித்தன. "பியானோ சரியாத்தான் இருக்கு. வீட்ல ட்ரான்ஸ்போஸ் போட்டு வச்சிருக்கியாம்மா?"

ஜோயல் அண்ணா!

கீபோர்டில் அந்த பட்டனைப் போட்டால், அதே கட்டைகளை வாசித்தாலும் எல்லாம் உயரமாகக் கேட்கும். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் போனபோது பாடுகிறவர்களுக்காக என் அண்ணன் ஏற்றிவைத்தது, அப்படியே இருந்திருக்கிறது. டிஸ்ப்ளே பாதி செத்துப்போயிருந்ததால் நான் கவனிக்கவே இல்லை. மெர்லின் இத்தனை நாள் எட்டி எட்டிப் பாடியது அந்த உயரத்தில்தான்.

"மெர்லின் பழகின உயரத்துக்கே மேல தூக்கி வாசிக்க வருமா?" என்றார் சார்.

முயன்றேன். விரல் வராத கறுப்புக் கட்டைகளாக வந்தன. தடுமாறி நிறுத்தினேன். கீழே மெர்லினுக்குப் பழக்கமில்லையே என்று, ஏஞ்சலைக் கூப்பிட சார் வாசல் பக்கம் திரும்பினார்.

"சார்... கீழயே பாடிப் பாக்கட்டுமா?" என்றாள் மெர்லின்.

பாடினாள்.

எப்படி எழுதுவது? தொண்டையிலிருந்து இல்லாமல், நின்ற இடத்திலிருந்தே வந்த குரல். கனமாக, வெதுவெதுப்பாக. நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வழக்கமாக உடையும் இடம் வந்தது... வாசற்படி தாண்டுவது போல சாதாரணமாகத் தாண்டிப் போனாள். என் விரல்கள் தம் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தேன்.

முடிந்ததும் சார் நேராகப் போய் மைக்கின் ஒயரைப் பிடுங்கினார். "மைக் வேண்டாம்."

மெர்லின் பழக்கத்தில் பின்னால் நகர்ந்தாள்.

"பின்னாடி இல்லம்மா. முன்னாடி வா. உனக்கு மைக் தேவையில்ல."

வீட்டில் கதையைக் கேட்டதும் அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "அப்போ அந்தப் பாட்டுல பாதி நான் கம்போஸ் பண்ணது!"

இப்போது என்னிடம் டிஜிட்டல் பியானோ இருக்கிறது. ஹெட்போனில்தான் ப்ராக்டிஸ். "வாசிக்கிறியா, சும்மா உக்காந்திருக்கியா?" என்கிறார் அம்மா. தடுக்கும் இடத்தைச் சொல்ல ஆளில்லை. மெர்லின் வீடு கேளம்பாக்கம் போய்விட்டது. டியூன்களை வாய்ஸ் நோட்டில் அனுப்புகிறேன். எது போட்டாலும் முதலில் ட்ரான்ஸ்போஸைப் பார்க்கிறேன். பிறகு, மேலேயும் கீழேயும் வாசித்துப் பார்க்கிறேன்... பாடப்போகிறவளின் குரல் எங்கே இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

போன ஞாயிறு சாயங்காலம் ஹாலில் பியானோ திறந்திருந்தது. யாரும் இல்லை. பெடலை மிதித்து, உள்ளே குனிந்து, "மெர்லின்" என்று கூப்பிட்டேன். பியானோ எழுத்துகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஓசையை மட்டும் திருப்பிக் கொடுத்தது.

அது அடங்கிய பிறகும் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று ஹால் பூட்டும் அண்ணா வாசலிலிருந்து குரல் கொடுத்தார். பதிலுக்கு பியானோதான் ஏதோ முனகியது.

யாரும் இல்லை என்று நினைத்து அவர் லைட்டை அணைத்துவிட்டார்.