பிரேக்கில் ஊற்றிய தேங்காய் எண்ணெய்

கண்டி முழுவதும் என்னைத் "தேங்காய் எண்ணெய் டிரைவர்" என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. அதை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவன் வாயால் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். மற்றப் பாதியில்தான் நான் தலை நிமிர்ந்து நிற்கிறேன், அதை எவனும் சொல்லமாட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. வீடு, பக்கத்திலுள்ள கட்டுகஸ்தோட்டையில். கண்டியில் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டருக்குக் கார் ஓட்டினேன். அமெரிக்கக் கார், ஏழு வருடம் பழசு. அப்போது அநேகம் கார்களுக்குக் கம்பி இழுத்துத்தான் பிரேக் பிடிக்கும். எங்கள் காருக்கு எண்ணெய் பிரேக். பெடலை மிதித்தால் மெல்லிய குழாய்களில் நிற்கும் எண்ணெய் நான்கு சக்கரங்களையும் ஒரே நேரத்தில் பிடித்து நிறுத்தும். இதைச் சொல்லிச் சொல்லியே மற்ற டிரைவர்மாரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவன் நான்.

அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது. ஒரு சித்திரை வெயிலில் பெடல் கொஞ்சம் பள்ளமாக இறங்கியது. எண்ணெய் குறைந்திருந்தது. பிரேக்குக்கென்று தகர டப்பாவில் வரும் எண்ணெய் கொழும்பிலிருந்து வரவேண்டும். அதுவரை யார் காத்திருப்பது? டொக்டர் வீட்டுக் குசினிக்குப் போய் ஒரு கோப்பை தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து ஊற்றினேன். எண்ணெய் என்றால் எண்ணெய்தானே! பெடல் மேலே வந்தது, கார் நின்றது. அன்று ராத்திரி பெண்சாதியிடம், "எஞ்சினியர்மாருக்கே இந்த மூளை வராது" என்று பீற்றிக்கொண்டதையும் மறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து டொக்டரையும் அவருடைய மனைவியையும் நுவரெலியாவுக்கு ஏற்றிப்போனேன். அந்த அம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்கல். விடியற்காலையில் அம்மா ஜன்னலைத் திறந்து ஒரு போத்தலை நீட்டினார். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், குளிரில் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. நானே சுடுதண்ணீர் கொண்டுவந்து, நானே அதில் போத்தலை வைத்து, நானே உருக்கிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நேரே போய்க் காரில் ஏறினேன். பெடல் கல்லாக இருந்தது. "ஆஹா, குளிருக்குப் பிரேக் நல்லா இறுகியிருக்கே" என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அந்த மடத்தனத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

ஊரை விட்டு இறங்கும் பாதையில் மூன்றாவது வளைவு. மிதித்தேன். பெடலும் அசையவில்லை, காரும் நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டு மண் திட்டின் பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தேன். தேயிலைச் செடி இரண்டை முறித்துக்கொண்டு கார் நின்றது. மறுபக்கம் ஒடித்திருந்தால் பள்ளம். யாருக்கும் காயமில்லை, மட்காட் மட்டும் நசுங்கியது. அம்மா இறங்கிச் சொன்னார்: "இனி இந்தக் காரிலை நான் கால் வைக்கமாட்டன்."

காரைக் கட்டி இழுத்துக் கண்டிக்குக் கொண்டுவந்தோம். கராஜ் போமன், அங்கே தலைமை மெக்கானிக், ஒரு குழாயைக் கழற்றி, ஒழுகியதை விரலில் தொட்டு, மூக்கில் வைத்தான். பிறகு டொக்டரைப் பார்த்து, "இதுல வடை சுடலாமே ஐயா!" என்றான். கராஜே சிரித்தது. எண்ணெய் பட்டு ரப்பர் குழாய்கள் ஊதிப்போயிருந்தன. இரும்புக் குழாய்கள் ஏற்கனவே துருப்பிடித்தவை. பழைய கார், தள்ளிவிடுங்கள் என்பது அவன் தீர்ப்பு.

டொக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "மாசக் கடைசியிலை காரை விக்கப்போறன். நீரும் வேறை இடம் பாரும்" என்றார்.

வேலை போவது ஒரு பக்கம். தேங்காய் எண்ணெய் டிரைவருக்கு இந்தக் கண்டியில் எவன் இனிக் கார் கொடுப்பான்? "ஐயா, கெடுத்தவன் நான். நானே சரியாக்கித் தாறேன். மாசம் முடியட்டும், பொறகு நீங்க சொல்றதுதான்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை அல்லவா, அது போதும் எனக்கு.

கார்க் கொட்டிலில் காரைக் கட்டைகளில் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றினேன். பழைய குழாய் ஒவ்வொன்றையும் கழற்றும்போதே, அதன் வளைவு நெளிவுக்கு ஏற்ப ஒரு கம்பியை வளைத்துச் சுவரில் மாட்டினேன். புதுக் குழாய்க்கு ஒரு தேயிலை ஃபெக்டரிக்குப் போனேன். அங்கே எஞ்சின் பார்க்கும் தோட்டத்து ஆள் எனக்குக் கூட்டாளி; நான் முஸ்லிம் என்பதால் அண்ணன் முறைக்கு "நானா" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். "நானா, செப்புக் குழாய் ஒரு சுருள் சும்மாதான் கெடக்கு. தொரைகிட்ட கேட்டுட்டேன், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். ரப்பர் குழாய்களும் அசல் எண்ணெய் டப்பாவும் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தன.

செப்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும். பிறகு கம்பியைப் பார்த்து வளைக்கலாம். வளைப்பதல்ல பாடு. குழாயின் இரண்டு நுனிகளையும் புனல் வாய்போல் விரிக்கவேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கசியும். விரிப்பதற்கு முன்னால் நட்டைக் குழாயில் கோத்திருக்கவேண்டும். ஆக நீளமான குழாயின் இரண்டு நுனிகளையும் அழகாக விரித்துவிட்டுப் பார்க்கிறேன், நட்டு இரண்டும் சாமான் பெட்டிமேல் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன! வாயில் வந்ததையெல்லாம் சொல்லி என்னையே ஏசிவிட்டுத் திரும்பவும் வெட்டினேன். பன்னிரண்டு நாள் போனது.

கடைசியாகக் குழாய்களில் அடைபட்ட காற்றை வெளியே எடுக்கவேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் காருக்குள் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட. டொக்டர் ஆஸ்பத்திரியில், சமையல்காரர் சந்தையில். வாசலில் கதிரை போட்டு அம்மா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கால் வேணும்" என்றேன்.

"கால் வைக்கமாட்டன் எண்டு சொன்னனான்."

"கார் எங்கம்மா ஓடப்போகுது? சக்கரமே இல்ல, கட்டையில நிக்கிது!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலையைச் செருகிக்கொண்டு வந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் கீழே படுத்தேன். திருகாணியில் ஒரு ரப்பர் குழாய், அதன் மறுமுனை டொக்டரின் பழைய மருந்துப் போத்தலுக்குள்.

"மிதிங்க. புடிச்சிக்கிங்க. ம், இப்ப உடுங்க."

போத்தலில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. ஒவ்வொரு சக்கரமாகப் போனோம். நாலாவதில் குமிழி நின்றது. மேலே அம்மா கத்தினார்: "இஞ்சை, கீழை போகுதில்லை! என்ரை காலைத் தாங்குது!" எழும்ப அவசரப்பட்டு நெற்றியை இரும்பில் இடித்துக்கொண்டேன். வலித்ததாகவே ஞாபகம் இல்லை.

மாலையில் டொக்டர் வந்தார். காரைத் தெருவில் ஓட்டி நிறுத்திக் காட்டினேன். மனிதர் மசியவில்லை. "கண்டியிலை தேங்காய் எண்ணெயிலையும் நிண்டதுதானே?" என்றார். கண்டி வெயிலில் தேங்காய் எண்ணெயும் உறையாதே. நியாயம்தானே!

"அப்ப நான் தனியா நுவரெலியாவுக்குப் போய் வாறேன் ஐயா."

"தனியா என்னத்துக்கு? நானும் வாறன்" என்றார் அம்மா. டொக்டர் திரும்பிப் பார்த்தார். "பாக்கிறியள் என்ன? என்ரை காலாலை மிதிச்சுப் பாத்தனான். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ."

மூன்று பேரும் போனோம். அதே வீடு, அதே குளிர். விடிந்ததும் அம்மா தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, கார் பொனட்டுக்கு மேலே தலைகீழாகப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை. "இது கல்லு. அது எப்பிடி?"

 ஏறி உட்கார்ந்து பெடலில் காலை வைத்தேன். பதமாக இறங்கி, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது.

"உயிரோட ஈக்கிது அம்மா, ஒறையவே இல்ல!"

மூன்றாவது வளைவு வந்தது. முறிந்த தேயிலைச் செடிகள் அப்படியே கிடந்தன. மிதித்தேன். கார் பேசாமல் நின்றது. அம்மாவின் மடியிலிருந்த போத்தல்கூட உருளவில்லை. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாசக் கடைசி எண்டு நான் ஏதோ சொன்னனான். என்னெண்டு மறந்துபோச்சு."

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் அம்மா. "சொல்லமாட்டன்."

மலை இறங்கிக் கம்பளை வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் தேவைக்கு மேலேயே பிரேக் பிடித்தேன். அம்மாவின் மடியில், போத்தலுக்குள் எண்ணெய் மெல்ல உருகிக்கொண்டு வந்தது.