வரப்பில் பிடிக்கிற கை

சேற்றில் நிற்கும்வரை ஒன்றுமில்லை. வரப்பில் கால் வைத்து ஏறும்போதுதான் வலது கணுக்காலின் முன்பக்கத்தை யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார்கள். மேலே ஏறி நின்றால் விட்டுவிடுவார்கள். குடவாசல் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் நிலத்தில் ஆறு மாதமாக இதுதான் நடந்தது. பிடிப்பது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் இறந்துபோன என் அப்பாதான்.

செல்போனில் மழை பார்த்து உரம் போடுகிற ஐம்பத்திரண்டு வயதுக்காரன் இப்படி நம்பினான் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பயத்துக்குக் காரணங்கள் இருந்தன. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. கடைசியில் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்கும் வலது கால். போதாததற்கு, இரண்டு தை அமாவாசையாக நான் அவருக்குத் தர்ப்பணம் கொடுக்கவில்லை. அறுவடை மெஷின் எங்கள் வயலுக்கு வரும் முறை இரண்டு வருடமும் அதே நாளில் விழுந்தது. மெஷினைத் திருப்பி அனுப்பினால் லேசில் திரும்பி வராது. அப்பா எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எங்கேயும் போகவில்லை.

டாக்டரிடம் போனால் என் காலையும் எடுத்துவிடுவார்கள். அதனால் ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் போனேன். கடற்கரையில் எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஈர மணலில் புது வேட்டி பாழாகுமே என்று நான் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். எள்ளும் தண்ணீரும் விட விட, பிடி இறுகியது. மூன்று தடவைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன், விட்டுவிடுங்கள் என்று மனதுக்குள் பேரம் பேசினேன். எழுந்திருக்க முடியவில்லை. மனைவிதான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அப்போதுதான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மாமாவா? உயிரோட இருந்தப்பவே உங்கள்ட்ட ஒரு டம்ளர் தண்ணி கேட்டதில்ல அவரு. இப்ப வந்து காலப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாராக்கும். நாளைக்கு டாக்டர்ட்ட போறோம்."

கும்பகோணத்தில் எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

"எடுக்கணுங்களா?"

"எத?"

"கால."

அவர் என் மனைவியைப் பார்த்தார். "எப்பவுமே இப்படித்தான்," என்றாள் அவள்.

டாக்டர் பாதத்தின் மேல் விரல் வைத்தார். "இங்க துடிக்குது பாருங்க. ரத்தம் நல்லா ஓடுது." சர்க்கரையும் பார்த்தார்கள், இல்லை. பிறகு பாதத்தை மெதுவாக முழங்கால் பக்கம் மடக்கினார். பிடித்தது.

"இங்கதானே? இதுக்கு முன்னாடி எப்பவாவது கால் பிசகுச்சா?"

இரண்டு வருடத்துக்கு முன் நடவு அன்று நாற்றுக்கட்டோடு வரப்பிலிருந்து குதித்தது நினைவுக்கு வந்தது. எண்ணெய் போட்டு உருவிவிட்டு மூன்றாம் நாளே வயலில் இறங்கினேன். மறுவாரம் திரும்பவும் பிசகியது.

"அது சரியா ஆறல. உள்ள சதை தடிச்சிருக்கு, எலும்பு விளிம்புலயும் அரிசி மாதிரி ஒரு வளர்ச்சி. பாதம் மேல மடங்குறப்ப நடுவுல இருக்குறது நசுங்குது. மதகுப் பலகையில வைக்கோல் மாட்டிக்குமில்ல, அந்த மாதிரி. சேத்துலேர்ந்து கால உருவுறப்ப பாதம் கீழ்ப்பக்கமா நீளுது, அதனால வலிக்கல. வரப்பு ஏறுனா மடங்குது. குத்துக்காலிட்டு உக்காந்தா முழுசா மடங்குது."

கொஞ்ச நாளைக்குக் குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது, செருப்பில் குதிகாலுக்கு அடியில் ஒரு மெத்தை, தினமும் கணுக்காலுக்குப் பயிற்சி. கேட்கவில்லை என்றால் ஊசி. அதற்கும் கேட்கவில்லை என்றால் சின்ன ஓட்டை போட்டு உள்ளே சுரண்டி எடுப்பார்களாம்.

"ஓட்டைன்னா எவ்ளோ பெருசுங்க?"

"உங்க பயத்தவிடச் சின்னது."

சிரித்தேன். அப்பாவின் காலை எடுத்ததை மனைவி சொன்னாள். அவருக்கு எப்படி ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோது, "ஏதோ புண்ணுங்க," என்று முடித்துக்கொண்டேன்.

வயலில் நத்தை ஓடு கிழித்த புண் அது. சாப்பாட்டு நேரத்தில் அப்பா என்னிடம் காலை நீட்டிக் காட்டினார். "நத்தையே தொரத்திப் புடிக்கிற வேகத்துலதான் நடக்குறீங்களாப்பா?" என்றேன். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு ஒரு மாதம் அவர் அந்தப் புண்ணை யாரிடமும் காட்டவில்லை. துணி சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனார். நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆறு வாரமாகப் பயிற்சி செய்கிறேன். வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கடைசிப் பயிற்சி, ஜன்னல் கம்பியைப் பிடிக்காமல் வலது காலில் மட்டும் முப்பது எண்ணும்வரை நிற்பது. மனைவி எண்ணுவாள். முதல் நாள் கால் கொஞ்சம் ஆடியது, பிறகு நின்றுவிட்டது. முழு எடையையும் தாங்கிக்கொண்டு, மரம் மாதிரி. அப்பாவிடமிருந்து எடுத்துவிட்ட அதே வலது கால். இருபதில் மற்றக் காலைத் தரையில் வைத்துவிட்டேன்.

"இன்னும் பத்து இருக்கு. ஏன் நிறுத்திட்டீங்க?"

"வலிக்குது," என்றேன். வலிக்கவில்லை.